ஆளைப் பார்த்துக் கட்டிய டிஃபென்ஸ்

எங்கள் ஃபுட்பால் டீமின் இரண்டு ஸ்டாப்பர்களும், அதாவது டிஃபென்ஸின் நடுவில் நிற்கிறவர்கள், அடுத்தடுத்து வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தர் வடக்கே துணை ராணுவத்தில், இன்னொருத்தர் கோவையில் ஒரு கம்பெனியில். சந்தோஷமான விஷயம்தான், வடசென்னையில் பந்தாடுகிற பையன்களில் நிறையப் பேர் இத்தனை பாடுபடுவதே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்துவிடாதா என்றுதான். ஆனால் அவர்கள் போனதோடு டீமின் டிஃபென்ஸும் போய்விட்டது. புது ஆட்களை வைத்து அதை எப்படித் திரும்பக் கட்டினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேட்டையில் ஒரு டீமை வைத்துக்கொண்டு அல்லாடுகிற யாருக்காவது உதவும்.

முதலில் பழைய முறை. 4-4-2, அதாவது பின்னால் நாலு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் இரண்டு பேர். டிஃபென்ஸ் லைன் கிட்டத்தட்ட சென்டர் சர்க்கிளை ஒட்டி நிற்கும். எதிராளி தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் இரண்டு ஸ்டாப்பர்களும் திரும்பி ஓடிப் பிடித்துவிடுவார்கள், அவ்வளவு வேகம். பாதி நேரம் ஆஃப்சைடு ட்ராப் (லைன் ஒன்றாக முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் மாட்டவைப்பது), மீதி நேரம் ஓட்டம். எங்கள் கீப்பர் கோல் லைனை விட்டு வெளியே வரத் தயங்குகிறவர், அதுகூட அப்போது ஒரு குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் வரவேண்டிய தேவையே ஏற்படவில்லை. அந்த முறை நன்றாகத்தான் இருந்தது, அந்த இரண்டு பேர் இருந்தவரைக்கும்.

அவர்கள் இடத்துக்கு வந்தவர்களைப் பற்றி ஜெர்சி நம்பர் வைத்தே சொல்கிறேன், பெயர் வேண்டாம். 5 நல்ல உயரம், அகலமான தோள், காசிமேட்டில் விடியற்காலை வேலை முடித்துவிட்டு வருகிறவர். 4 குட்டை, போன வருஷம் வரைக்கும் மிட்ஃபீல்டில் ஆடியவர். கிரவுண்டுக்கு வருகிற பெரியவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: சிஸ்டம் நல்ல சிஸ்டம், புதுசாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடு, பழகிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகம் சொல்லிக் கொடுத்து வருகிற விஷயம் இல்லை, இருபத்தைந்து வயதில் நிச்சயமாக இல்லை. பெரிய கிளப்புகள் முதலில் சிஸ்டத்தை முடிவு செய்து அதற்கு ஆள் வாங்கலாம். நமக்குப் பக்கத்துத் தெருவில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் டீம், அப்போது சிஸ்டம்தான் வளைந்து கொடுக்க வேண்டும்.

அதனால் போர்டில் எதையும் வரையாமல் முதலில் ஆட்களைப் பார்த்தேன். மேட்ச் ஆட விட்டால் எல்லாம் கலந்துவிடும், ஒருத்தரின் குறையை இன்னொருத்தர் மூடிவிடுவார், கண்ணுக்குத் தெரியாது. தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு அதற்குள் ஒருத்தருக்கு ஒருத்தர். அப்புறம் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே நிறுத்தி, பின்னால் நான் பந்தைத் தூக்கிப் போட, திரும்பி ஓடுவது. அப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் போடும் பந்து, அதை ஹெட்டிங். எல்லாவற்றையும் ஒரு பையன் மாடியிலிருந்து போனில் எடுத்தான். மாடியிலிருந்து எடுப்பது முக்கியம், தரையிலிருந்து எடுத்த வீடியோவில் ஆட்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி தெரியவே தெரியாது.

5-ஐ எல்லோரும் ஸ்லோ என்றுதான் சொன்னார்கள். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் விஷயம் வேறு. முன்னால் ஓடுகிற முதல் ஐந்து மீட்டரில் அவர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. சிக்கல் திரும்புவதில் இருந்தது. பந்து வலது தோளுக்கு மேலே போனால் இரண்டு எட்டில் திரும்பி ஓட ஆரம்பித்துவிடுகிறார். இடது தோளுக்கு மேலே போனாலும் வலது பக்கமாகத்தான் சுற்றுகிறார், முழுசாக ஒரு வட்டம் அடித்து, அந்தச் சமயத்தில் பந்தையும் ஆளையும் ஒரு நொடி தொலைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஓட்டம். அதற்குள் ஃபார்வர்டு மூன்று மீட்டர் முன்னால் போயிருப்பான். இதில் இன்னொன்றும் சேர்ந்தது, அவர் இடது காலில் அடிக்கிறவர் என்பதால் செகண்ட் டீமில் அவரை எப்போதும் இடது ஸ்டாப்பராகவே நிறுத்தியிருந்தார்கள். அதாவது ஓரத்துக்குப் போகும் ஒவ்வொரு பந்தும் அவருடைய இடது தோளுக்கு மேலேதான் போகும். காலைப் பார்த்து இடம் கொடுத்தார்கள், இடுப்பைப் பார்க்கவில்லை. "ணா, எனக்கு ஓட வராதுணா, என்னை ஃபார்வர்டுல போடுங்க" என்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வீடியோவைக் காட்டிய பிறகு அந்தப் பேச்சே இல்லை.

4 வேறு மாதிரி. ஹெட்டிங்கில் யாரையும் ஜெயிக்க மாட்டார். ஆனால் பாஸ் கொடுப்பவனின் கால் பந்தைத் தொடுவதற்கு முன்பே நகர ஆரம்பித்துவிடுகிறார், மிட்ஃபீல்டில் ஆடிய பழக்கம். திரும்புவது இரண்டு பக்கமும் சுலபம். அதைவிடப் பெரிய விஷயம் குரல், கிரவுண்டு முழுக்கக் கேட்கும். 5 வாயே திறக்க மாட்டார்.

ரைட் பேக், 2, ஏறிப்போய் ஆடத் தெரியாது, கிராஸ் சுமார்தான், ஆனால் ஒருத்தருக்கு ஒருத்தர் என்று நின்றால் அவரைத் தாண்டுவது கஷ்டம். சீக்கிரம் காலை நீட்ட மாட்டார், எதிராளி பந்தைக் கொஞ்சம் தள்ளி விடுகிற அந்த நிமிஷம் வரைக்கும் காத்திருப்பார். லெஃப்ட் பேக், 3, நேர் எதிர்: தொண்ணூறு நிமிஷமும் ஏறி இறங்குவார், அருமையான கிராஸ், ஆனால் எதிர்ப் பக்கத்திலிருந்து கிராஸ் வரும்போது பந்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார், முதுகுக்குப் பின்னால் ஆள் வருவது தெரியாது.

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி எதிரெதிராக வைத்தபோது படம் கிட்டத்தட்ட தானாகவே வந்தது. 5-ஐ ஓரத்துக்கு இழுக்கவே கூடாது, கோலுக்கு முன்னால் நடுவில் நிற்க வேண்டும். அவருக்கு இடது கைப் பக்கம் 4 நின்றால், எந்தத் தோளுக்கு மேலே போனால் அவர் தடுமாறுகிறாரோ அந்தப் பந்தெல்லாம் 4-உடைய பந்தாகிவிடுகிறது. மேலும் 3 ஏறிப் போகும்போது அவருக்குப் பின்னால் காலியாகும் இடத்துக்கு ஓடவும் 4-தான் சரியான ஆள். வலது பக்கம் 2 உள்ளே நகர்ந்து மூன்றாவது ஸ்டாப்பர். அப்போது வலது ஓரம் காலி. அதற்கு 7, எங்கள் ரைட் விங், காலேஜில் 1500 மீட்டர் ஓடுகிற பையன். டிரிபிளிங் பெரிதாக வராது, ஆனால் ஓடச் சொன்னால் ஓடிக்கொண்டே இருப்பான். அவன் விங் பேக், அதாவது ஓரம் முழுக்க ஏறியும் இறங்கியும் ஆடுகிறவன். லெஃப்ட் விங்கில் இருந்த 11 இறங்கி வந்து டிஃபென்ஸுக்கு உதவ மாட்டான், எத்தனை தரம் சொன்னாலும், ஆனால் பந்து காலுக்கு வந்தால் இரண்டு பேரைத் தாண்டுவான். அவனை உள்ளே தள்ளி மிட்ஃபீல்டில் மூன்றாவது ஆளாக்கினேன். பந்து நம்மிடம் இருந்தால் 3-5-2, இல்லாவிட்டால் 5-3-2. எண்களில் எனக்குப் பெரிய பற்று கிடையாது, பேப்பரில் எழுத வசதி, அவ்வளவுதான்.

இப்படி ஆளை இடம் மாற்றுவது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கிய இங்கிலாந்து கிளப் செல்சீயை அதன் கோச் ஆன்டோனியோ கான்டே மூன்று ஸ்டாப்பர் முறைக்கு மாற்றினார். அதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை இல்லை, யார் எங்கே போனார்கள் என்பதை. ஃபுல்பேக்காக (ஓர டிஃபென்டராக) ஆடிக்கொண்டிருந்த அஸ்பிலிகுவேட்டா வலது ஸ்டாப்பர் ஆனார். உயரம் குறைவு, ஆனால் ஒற்றைக்கு ஒற்றை தாண்ட முடியாத ஆள். வருஷா வருஷம் வேறு கிளப்புகளுக்கு லோனில் போய்வந்துகொண்டிருந்த விங்கர் விக்டர் மோசஸ் வலது விங் பேக். மார்க்கோஸ் அலோன்சோ இடது பக்கம். டேவிட் லூயிஸ் நடுவில், இரண்டு பக்கமும் காவலோடு. அதற்குப் பிறகு லீக்கில் தொடர்ந்து 13 மேட்ச் ஜெயித்தார்கள், 93 பாயின்டோடு சாம்பியன். எங்கள் 2-ஐ உள்ளே நகர்த்தியதும் 7-ஐ இறக்கியதும் இதைப் பார்த்துத்தான்.

லைன் எங்கே நிற்பது என்பது அடுத்த கேள்வி. அதற்கு இன்னொரு இங்கிலாந்து கிளப், லெஸ்டர். 2015-16ல் வெஸ் மார்கன், ராபர்ட் ஹூத் என்று வேகமே இல்லாத இரண்டு பெரிய உடம்புகளை வைத்துக்கொண்டு கோச் கிளாடியோ ரனியேரி 81 பாயின்டில் சாம்பியன் ஆனார். அந்த இரண்டு பேரையும் பாக்ஸை விட்டு ரொம்பத் தூரம் வெளியே வரவிடவில்லை, முன்னால் மிட்ஃபீல்டர் என்கோலோ கான்டே (செல்சீ கோச் இல்லை, இவர் வேறு) என்கிற கால்கள் எல்லா இடத்துக்கும் ஓடின. பின்னால் இடமே இல்லையென்றால் ஓட்டப் பந்தயமும் இல்லை. எங்களுக்கு ஆஃப்சைடு ட்ராப்பை விடுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சின்ன டோர்னமென்ட்களில் லைன்ஸ்மேன் லைனோடு சேர்ந்து ஓடுவார் என்று நம்பிக்கொண்டு நிற்க முடியாது.

ஆனால் "பின்னால் நில்லு" என்று மட்டும் சொன்னால் ஐந்து பேரும் கீப்பர் மடியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் ஒரே ஒரு விதி. பந்து வைத்திருக்கும் எதிராளி தலை நிமிர்ந்து, முன்னால் யாரும் இல்லாமல் நின்றால் அவன் எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம், லைன் இறங்க வேண்டும், பாக்ஸ் கோடு வரைக்கும். அவன் முதுகு காட்டித் திரும்பினாலோ, பின்னால் பாஸ் கொடுத்தாலோ, நம் ஆள் அவன்மேல் ஏறிவிட்டாலோ லைன் ஐந்து எட்டு எடுத்து வைத்து முன்னால் போக வேண்டும். இரண்டே சொல்: "ஏறு", "இறங்கு". கத்துவது 4 மட்டும். நடுவில் நிற்பவர்தான் கத்த வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், ஆனால் யாருக்கு முன்கூட்டியே தெரிகிறதோ, யார் குரல் கேட்கிறதோ அவர்தானே கத்த வேண்டும். 5 அந்தக் குரலுக்கு நகர்ந்தால் போதும், அது அவருக்கும் நிம்மதி.

முதல் சில பிராக்டிஸில் லைன் சரியாக இறங்கியது, மிட்ஃபீல்டு இறங்கவில்லை. நடுவில் பெரிய ஓட்டை, எதிராளி டி-க்கு (பாக்ஸ் கோட்டுக்கு முன்னால் இருக்கும் வளைவு) வெளியே நின்று நிதானமாகப் பந்தை வைத்து அடித்தான். வாயால் சொல்லிப் பார்த்துப் பயனில்லை. அப்போது 5-தான் வேலை செய்யும் இடத்திலிருந்து பழைய நைலான் கயிறு ஒரு சுருள் கொண்டுவந்தார். அதைப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் துண்டுகளாக வெட்டி, மிட்ஃபீல்டு மூன்று பேரான 6, 8, 11-ஐ டிஃபென்ஸோடு சேர்த்து, 6-இன் இடுப்பிலிருந்து 5-இன் இடுப்புக்கு ஒன்று, 8-லிருந்து 2-க்கு ஒன்று, 11-லிருந்து 4-க்கு ஒன்று என்று கட்டினோம். தலா இரண்டு பேர், நடை வேகத்தில் மட்டும், ஓட்டம் கிடையாது. நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கிரவுண்டில் நடப்பேன், நிமிர்ந்தால் இறங்க வேண்டும், திரும்பினால் ஏற வேண்டும். கயிறு இறுகினால் மிட்ஃபீல்டு ரொம்பத் தூரம், தரையில் தொங்கி இழுபட்டால் ரொம்பக் கிட்டே. பக்கத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கயிற்றை அவிழ்த்த பிறகும் ஒரு வாரத்துக்கு 6 தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஆடினார், அந்தத் தூரம் உடம்பில் ஏறிவிட்டது. நடை வேகத்தில் மட்டும் செய்யுங்கள், ஓடவிட்டால் யாராவது விழுந்து அடிபடுவார்கள்.

6-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்து எங்கே போனாலும் துரத்துகிற ஆள். இடத்தைக் காத்து நில்லு என்றால் ஐந்து நிமிஷம் நிற்பார், ஆறாவது நிமிஷம் வலது ஓரத்தில் இருப்பார். கோச் அரிகோ சாக்கியின் இத்தாலி கிளப் மிலான் மாதிரி ஆளை விட்டு இடத்தைக் காப்பதுதான் உயர்ந்த முறை என்று படித்தவர்கள் சொல்வார்கள், அந்த மிலான் 1989லும் 1990லும் ஐரோப்பியக் கோப்பை ஜெயித்தது, மறுக்கவில்லை. ஆனால் அது தினமும் அதையே பழகிய டீம். என்னிடம் வேலை முடித்து வாரத்தில் சில மாலைகள் வருகிற ஆட்கள். 6-க்கு இடத்தைக் கொடுக்காமல் ஆளைக் கொடுத்தேன்: எதிர் டீமின் பிளேமேக்கர் (ஆட்டத்தை நடத்துகிற மிட்ஃபீல்டர்) நம் பாதிக்குள் இருக்கும்வரை அவன் உன்னுடையவன், சென்டர் லைனைத் தாண்டினால் விட்டுவிட்டு 5-க்கு முன்னால் வந்துவிடு. துரத்துகிற குணத்துக்கு ஒரு ஆள் கிடைத்தது, டீமுக்கு ஓட்டையும் குறைந்தது. எதிர் டீமில் அப்படி ஒருத்தன் இல்லையென்றால் 8-ம் 6-ம் இடம் மாறிக்கொள்கிறார்கள்.

ரொம்ப நாள் பிடித்தது 3-இன் பின் போஸ்ட் விவகாரம், அதாவது கிராஸ் வரும் பக்கத்துக்கு எதிர்க் கம்பத்தில் ஆளைத் தவறவிடுவது. ஐந்து பேர் நின்றாலும் வலது பக்கத்திலிருந்து கிராஸ் வந்தால் கடைசி ஆள் அவர்தான். முதலில் நிற்கும் விதத்தை மாற்றினோம்: கோலுக்கு முதுகைக் காட்டி நேராக நிற்காமல், இடது காலைக் கொஞ்சம் பின்னால் வைத்து, அரைவாசி திரும்பி, பந்தும் ஆளும் ஒரே பார்வையில் விழுகிற மாதிரி. கையை லேசாக நீட்டி ஆளைத் தொட்டு உணர வேண்டும், பிடிக்கக் கூடாது, பிடித்தால் பெனால்டி. அப்புறம் ஒரு பழக்கம். 7-ஓ 2-ஓ கிராஸ் போடத் தயாராகும்போது நான் 3-க்குப் பின்னால் நின்று விரலைக் காட்டுவேன். பந்து வந்து சேர்வதற்குள் எத்தனை விரல் என்று அவர் கத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் கிளியர் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் எண்ணைச் சொன்னால் பந்தை விட்டார், பந்தை அடித்தால் எண்ணைச் சொல்லவில்லை. தலையைத் திருப்புவது அனிச்சையாக வந்த பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. இப்போதும் மேட்ச் கடைசியில் களைத்துவிட்டால் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கிறது, அப்போது 4 அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்.

கீப்பரை மாற்ற முயலவில்லை. லைனில் நின்று ஷாட் தடுப்பதில் அவர் எங்கள் ஏரியாவிலேயே நல்ல கை. கிராஸுக்கு வெளியே வர மாட்டார், சரி, வர வேண்டாம். ஆறு கெஜ பாக்ஸில் காற்றில் வருவதெல்லாம் 5-உடையது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொண்டார்கள். கார்னருக்கும் அதே கணக்கு: 5 நடுவில், யாரையும் மார்க் செய்யாமல், பந்துக்கு மட்டும். 4 முன் போஸ்டில், அங்கே உயரத்தைவிடச் சுறுசுறுப்புதான் வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஆள்.

லீக் மேட்ச்களில் என்ன ஆனது? தலைக்கு மேலே போட்டு ஓடி வாங்குகிற கோல் கிட்டத்தட்ட நின்றுபோனது. பழைய முறையைவிடப் பந்து எதிராளியிடம் அதிக நேரம் இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் எதிர் டீமில் இருப்பவர்களும் யோசிக்கிறவர்கள்தானே. ஒரு டீம் தங்கள் உயரமான ஃபார்வர்டை 5-இடமிருந்து விலக்கி 4-இன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எங்கள் வலது பக்கத்திலிருந்து மூலைவிட்டமாக உயரப் பந்தாகப் போட்டுக்கொண்டே இருந்தது. 4 எம்பி எம்பிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை, ஒரு கோல் அப்படித்தான் விழுந்தது. ஹாஃப் டைமில் இரண்டு பேருக்கும் சொன்னது இதுதான்: உயரமானவன் எங்கே நிற்கிறானோ 5 அங்கே போகட்டும், 4 அவருக்குப் பின்னால் நாலு எட்டுத் தள்ளி நடுவுக்கு வரட்டும். 5 எம்பி மோதுவார், தவறி விழும் பந்தை 4 பொறுக்குவார். 5-இன் இடது தோள் சிக்கல் அங்கேயும் இருக்கிறது, ஆனால் பின்னால் 4 காவல் இருப்பதால் ஓட வேண்டியது அவர் இல்லை. அந்த மேட்ச் டிரா. அதற்குப் பிறகு இது எங்கள் வழக்கமான ஏற்பாடாகிவிட்டது, ஆரம்பத்திலேயே உயரமானவன் யார் என்று பார்த்து இரண்டு பேரும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்கிறார்கள்.

தரையும் இதில் ஒரு ஆள்தான். வெயில் காலத்தில் எங்கள் கிரவுண்டு புல் போய் மொட்டையாக, கல் மாதிரி இருக்கும், உயரப் பந்து ஒரு தரம் விழுந்தால் இன்னொரு ஆள் உயரம் எகிறும். அந்த முதல் எகிறலுக்கு முன்பே 5 தலையால் அடித்துவிட வேண்டும், விழவிட்டால் போச்சு. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து சேறானால் நேர்மாறு, பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும், கீப்பருக்குக் கொடுத்த பாஸ் பாதி வழியில் செத்துவிடும். மழை மேட்ச்களில் 2-உம் 4-உம் பின்னால் பாஸ் கொடுக்கவே கூடாது, ஓரமாக வெளியே அடித்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

இன்னும் சரியாகாதது இடது ஓரம். 3 ஏறிப் போய்ப் பந்து பறிபோனால் அங்கே எதிராளி இரண்டு பேர், நம் ஆள் 4 ஒருத்தர். வலது பக்கத்தில் இந்தப் பிரச்சனை இல்லை, 7 ஓடி வந்துவிடுவான், இல்லையென்றாலும் 2 தனியாகவே சமாளிப்பார். இடது பக்கம் 11-ஐ இறங்க வைக்கும் எண்ணம் எனக்கில்லை, அவனை இறக்கினால் கோல் அடிக்க ஆளில்லை. அதனால் இப்போது 8-ஐ இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து நிறுத்திப் பார்க்கிறேன், 3 ஏறினால் 8 ஏறக் கூடாது என்று. மாடியிலிருந்து எடுத்த கடைசி வீடியோவில் அந்த இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனால் 8 இதைப் பழகிய நாள் குறைவு. அடுத்த மாதம் 7-க்கு செமஸ்டர் பரீட்சை, மூன்று மேட்ச்சுக்கு அவன் இல்லை. மாற்றாக இருக்கும் பையன் ஓட்டக்காரன் இல்லை, நின்று தடுக்கிறவன். அவனை விங் பேக் ஆக்கி ஓடவிடப் போவதில்லை. வலது ஓரத்தை அவன் நின்று காக்கட்டும், 2 அவனுக்குப் பக்கத்தில் உள்ளேயே இருக்கட்டும், இடது பக்கத்தில் 3 மட்டும் ஏறட்டும் என்று நாளை சாயந்திரம் கயிற்றைக் கட்டித் திரும்ப ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.